ஒன்பதாம் நம்பர் பஸ் திரும்பும் மூலை

ஒன்பதாம் நம்பர் பஸ் அந்த மூலையில் ஒரேயடியாகத் திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. முதலில் முன்னால் போகும். சுவரை மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் வரும். அதற்குப் பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் வாய்க்கு வந்ததை அவரவர் பாஷையில் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். பஸ் மறுபடி முன்னால் போகும். இப்படி ஆடி அசைந்து அது திரும்பி முடிப்பதற்குள் ஒரு பேண்டுக்குக் கால் மடித்து அடித்துவிடலாம். டெய்லரம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் கடை இருந்த மூலைக் கட்டடம் தெருவுக்குள் ஓர் ஆள் கை நீட்டுகிற அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. கீழே தையல் கடை, கடைக்குப் பின்னால் சமையலறை, மேலே இரண்டு அறைகள். கடை ஜன்னலும் பஸ் ஜன்னலும் ஒரே உயரம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே துணியை நீட்டுவார்கள். சாயங்காலம் அதே ஜன்னல் வழியாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கடைக்கு வாசல் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அளவெடுப்பதும் ஜன்னல் வழியாகத்தான். டேப்பின் ஒரு முனையைப் பயணி கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொள்வார், மறுமுனையைப் பக்கத்து சீட்டுக்காரர் இழுத்துப் படித்துச் சொல்வார். ஆனால் இடுப்புக்குக் கீழே பஸ்ஸின் தகரம் மறைத்துவிடும். அங்கே என்ன இருக்கிறது என்பதை டெய்லரம்மா குத்துமதிப்பாக வைத்துக்கொள்வாள். அதனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் சட்டை கனகச்சிதம், பேண்ட் ஏனோதானோ. எந்த ஊருக்குப் போனாலும் அவர்கள் ஒருவரையொருவர் இதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க வேறு பொது அடையாளம் எதுவும் இல்லை. அங்கே நாலு பாஷைக்காரர்கள் இருந்தார்கள். தாத்தா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குக் கப்பல்காரர்கள் என்று பெயர். மரக்கடை வைத்தவர்கள் மரக்கடைக்காரர்கள். இப்போது அவர்களில் ஒருவரிடமும் மரக்கடை கிடையாது, எல்லாம் செல்போன் கடை. மலையிலிருந்து வந்தவர்கள் மலைக்காரர்கள். நாலாவது, டெய்லரம்மாவின் ஆட்கள். மற்ற மூன்று பேரும் இவர்களுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று இவர்கள் விசாரித்ததில்லை. விசாரித்தால் மனஸ்தாபம்தான் மிச்சமாகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம், ஒரு செயலாளர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. நாலு கூட்டமும் சேர்ந்திருந்த இடம் அந்தப் போக்குவரத்து நெரிசல் ஒன்றுதான். அதிலும் விருப்பப்பட்டுச் சேரவில்லை.

ஒன்பதாம் நம்பர் டிரைவர் மலைக்காரர். அவருடைய தமிழ் முழுவதும் அந்த ஜன்னலில் பொறுக்கியது. டைட், லூஸ், ஒரு விரல் இறக்கம், நாளைக்கு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் உலக விஷயம் வரைக்கும் பேசுவார். "டெய்லரம்மா, இன்னிக்கு ரோடு ரொம்ப டைட்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பாதி திருப்பத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வரும் டீயைக் குடிப்பார். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பவர்களுக்கு அவர் டீ குடிப்பது தெரியாது. சுவர் இடிக்கிறது போலிருக்கிறது என்று பரிதாபப்படுவார்கள்.

டெய்லரம்மாவின் புருஷன் காஜா எடுப்பவர். பட்டன் துளைக்கு நூல் சுற்றுவதைத் தவிர வேறு வேலையில் அவர் தலையிட்டதில்லை. உதட்டில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும் என்பதால் பேச்சிலும் தலையிட்டதில்லை. அவரை ஊரே காஜா என்றுதான் கூப்பிட்டது.

மகள் ரோடு இலாகாவில் எஞ்சினியர். சின்ன வயதில் பஸ்ஸையும் சுவரையும் சிலேட்டில் வரைந்து, எப்படித் திருப்ப வேண்டும் என்று டிரைவருக்கே பாடம் நடத்தினாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் எஞ்சினியர். பெயரை வைத்துவிட்டார்களே என்று அவளும் படித்து அதுவாகவே ஆனாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் கட்டிங் டேபிளில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய வரைபடத்தை விரித்தாள்.

"மூலையை வெட்டப் போறோம்மா."

"எந்த மூலையை?"

"இந்த மூலையைத்தான்."

டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எதுவரைக்கும்?"

"ஜன்னலைத் தாண்டி, மிஷின் வரைக்கும்."

"தையலுக்கு விட்டு வெட்டறீங்களா, கோட்டை ஒட்டியா?"

"ஒட்டித்தான்."

"சொந்த வீட்டை வெட்டற வேலையை உங்கிட்டயே குடுத்தாங்களா?"

"நானே போய்ச் சொன்னேன், இது எங்க வீடுன்னு. அப்ப வீட்டுக்காரங்களை சம்மதிக்க வைக்கிறது சுலபம்னு மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். பின்பக்கமா நல்ல கடையா கட்டிக் குடுத்துடுவாங்க. பஸ் நிக்கவே வேண்டாம்மா. சும்மா வழுக்கிட்டுப் போயிடும்."

இதைச் சொல்லும்போது மகளின் முகம் பளிச்சென்று இருந்தது. அவள் பெயர் போட்டு வந்த முதல் வரைபடம் அது. டெய்லரம்மா ஜன்னலைப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போகிற பஸ்ஸிலிருந்து எவன் சட்டையை நீட்டுவான்? கடை போனால் இன்னொரு கடை கட்டிக்கொள்ளலாம். நெரிசலை யார் கட்டிக் கொடுப்பார்கள்? மகள் படித்த படிப்பே அந்த நெரிசல் போட்ட பிச்சை. அதை வைத்துக்கொண்டு அவள் நெரிசலையே ஒழிக்க வந்து நிற்கிறாள். பெற்ற மகளிடம் இதை எந்த வாயால் சொல்வது? ஊரே கையெடுத்துக் கும்பிடப்போகிற வேலையை, எனக்குப் பிழைப்பு போகிறது, நிறுத்து என்றா?

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் டெய்லரம்மா.

காஜா தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டார்.

மறுவாரமே ஆபத்பாந்தவி மாதிரி ஓர் ஆர்க்கிடெக்ட் வந்து சேர்ந்தாள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற அலுவலகத்தில் வேலை. வேறெங்கோ போக ஒன்பதாம் நம்பரில் ஏறியவள், பஸ் மூலையில் மாட்டி நின்றபோது மூக்குக்கு நேரே சுவரைப் பார்த்து, பார்த்தபடியே இறங்கிவிட்டாள். வெளியூர்க்காரி என்று டெய்லரம்மாவுக்கு உடனே தெரிந்தது. பேண்ட் பொருந்தியிருந்தது.

"இந்தக் கட்டடம் ஒரு பொக்கிஷம்மா," என்றாள் ஆர்க்கிடெக்ட். "மேல வளைவு வளைவா கலர் கண்ணாடி ஜன்னல். நடுவுல மர பால்கனி. கீழ கல்தூண். எல்லாத்துக்கும் மேல இந்தத் தகரச் சாய்ப்பு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பண்பாடு. இதைத் தொடவே விடக் கூடாது."

"இடிக்கப் போறாங்களே."

"அடையாளச் சின்னம்னு அறிவிச்சுட்டா ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. ஆனா ஒரு நிபந்தனை. ஏதாவது ஒரு சமூகமாவது இது எங்களோட அடையாளம்னு சொல்லணும்."

டெய்லரம்மா மனசுக்குள் அவசரமாக ஒரு கணக்குப் போட்டாள். கட்டடம் இருந்தால் பஸ் முட்டும். பஸ் முட்டினால் நெரிசல் இருக்கும். நெரிசல் இருந்தால் அடுப்பு எரியும். மகள் கொஞ்சம் வருத்தப்படுவாள். அவளுக்கு வெட்ட ஊரில் வேறு மூலையா இல்லை?

"நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க," என்றாள்.

கப்பல்காரர்கள் சங்கத்துச் செயலாளர் ஜன்னலின் போட்டோவை எட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது எங்களோடது இல்லீங்க. எங்க ஆளுங்க ஜன்னலை இவ்வளவு கோணலா வெக்க மாட்டாங்க." மரக்கடைக்காரர்கள் சங்கத்தில் பால்கனியைப் பார்த்ததும் சிரித்தார்கள். எங்கள் கை பட்ட மரம் இப்படியா இளிக்கும் என்று கேட்டார்கள். மலைக்காரர்கள் சங்கத்தில் தூணைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார்கள். அந்தத் தூண் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்திருந்தது. அதைத் தங்கள் தலையில் கட்டுவது அவமதிப்பு என்று செயலாளர் அபிப்பிராயப்பட்டார். கடைசியில் ஆர்க்கிடெக்ட் டெய்லரம்மாவையே கேட்டாள்.

"இந்தத் தகரச் சாய்ப்பு உங்க ஆளுங்க போட்டதா?"

"சேச்சே," என்றாள் டெய்லரம்மா. "எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

அவளுடைய மாமனார் ஏணியில் நின்று ஆணி அடித்துப் போட்ட சாய்ப்பு அது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் காஜா. அவர் இதைக் கேட்டுக்கொண்டே ஒரு பட்டன் துளையை முடித்தார்.

ஆர்க்கிடெக்ட் சோர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க டெய்லரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் மனுஷர்களை அளவெடுத்ததில் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். தன் தொப்பையை எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். பக்கத்து சீட்டுக்காரன் தொப்பையைக் கேட்டால் டேப்பே வேண்டாம், அரை இஞ்ச் வரைக்கும் சொல்லிவிடுவான்.

"இது உங்களோடதான்னு கேக்காதீங்க," என்றாள். "யாரோடதுன்னு கேளுங்க."

மறுபடி ஒரு சுற்று போனார்கள். ஜன்னல் சந்தேகமில்லாமல் கப்பல்காரர்களுடையதுதான் என்று மரக்கடைக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அதே வளைவு இருக்கிறதாம். பால்கனியைச் செய்த மரக்கடைத் தச்சரின் பெயரைக் கப்பல்காரர்கள் சொன்னார்கள், அவருடைய குடிப்பழக்கத்தோடு சேர்த்து. தூண் மலைக்காரர்களுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். தகரச் சாய்ப்பு யாருடையது என்று கேட்டபோது மூன்று சங்கமும் கொஞ்சம்கூட யோசிக்காமல் டெய்லரம்மா இருந்த பக்கம் கையைக் காட்டின. ஆர்க்கிடெக்டுக்குக் கை வலிக்க வலிக்க எழுதும் பாக்கியம் கிடைத்தது. பிறர் வாக்குமூலப்படி இக்கட்டடம் எல்லாச் சமூகத்தாருக்கும் உரியது என்று அறிக்கை போயிற்று. சீக்கிரமே சுவரில் ஒரு பித்தளைத் தகடு வந்தது. நாலு செயலாளர்களும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவரவர் பாகத்தை அவரவர் முதுகால் மறைத்துக்கொண்டுதான்.

மகள் இரண்டு நாள் வீட்டில் பேசவில்லை. வரைபடத்தைச் சுருட்டிப் பீரோவுக்குமேல் போட்டாள். டெய்லரம்மாவுக்கு மனசு உறுத்தியது, வயிறு நிம்மதியாக இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன, என்ன செய்வது?

மூன்றாம் நாள் மகள் சிரித்த முகத்தோடு வந்தாள். "நல்ல காரியம்தான் நீ பண்ணியிருக்கேம்மா. கட்டடத்தை இடிக்க முடியாதுன்னா, வண்டியை இந்தப் பக்கமே விடக் கூடாது. பின்னாடி குட்ஸ் ஷெட் ரோடு சும்மாத்தானே கிடக்கு? பஸ்ஸு, லாரி எல்லாம் அந்த வழியா போகட்டும். நம்ம தெரு நடக்கறவங்களுக்கு மட்டும். ஆர்க்கிடெக்ட் மேடம்கிட்ட சொன்னேன், துள்ளிக் குதிக்கறாங்க. ஒரு வாரம் வெள்ளோட்டம். அது முடிஞ்சதும் கருத்துக் கேட்புக் கூட்டம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா அதுல சொல்லலாம். யாருக்கு இருக்கப் போகுது?"

டெய்லரம்மா பித்தளைத் தகட்டை நினைத்துப் பார்த்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதைப் பித்தளையில் பொறித்துச் சுவரில் மாட்டிக்கொண்டவர்கள் அவளைத் தவிர யாரும் இருக்க முடியாது.

வெள்ளோட்டம் தொடங்கிய அன்று காலையில் அவள் வழக்கம்போல் ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாள். கையில் காற்றுதான் பட்டது. தெரு அகலமாக, சுத்தமாக, ஈ ஓட்டக்கூட ஈ இல்லாமல் கிடந்தது. பத்து மணி வாக்கில் ஆர்க்கிடெக்ட் ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து கட்டடத்தைக் காட்டினாள். அவர்கள் வளைவு ஜன்னலைப் படம் எடுத்தார்கள். தூணைத் தடவினார்கள். டெய்லரம்மாவையும் படம் எடுத்தார்கள். அசையாமல் இருந்ததால் அவளையும் கட்டடத்தோடு சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒருவரிடமும் பட்டன் அறுந்திருக்கவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் காஜா உதட்டிலிருந்து ஊசியை எடுத்து, நூல்கண்டில் குத்திவைத்தார். "காஜா எடுக்க ஒண்ணும் இல்ல," என்றார். அவர் அந்த மாதத்தில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சும்மா இருந்து சும்மா இருந்து டெய்லரம்மாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது வேகமாக வளர்ந்தது. பயணிகள் ஏன் நடந்து வரக் கூடாது? குட்ஸ் ஷெட் ரோட்டில் இறங்கினால் ஐந்து நிமிஷ நடை. ஆனால் நின்ற இடத்தில் கிடைத்ததைத் தேடிப் போய் வாங்க யாருக்கும் மனசு வருவதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறபோது கிழிந்த சட்டை ஞாபகம் வரும். நிற்காத பஸ்ஸில் அதுகூட வராது.

டிரைவர் தன் லீவு நாளில் நடந்தே வந்தார். கடை வாசலைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"புது ரோடு ரொம்ப லூஸ், டெய்லரம்மா," என்றார் துக்கமாக. "நேரா போறேன், நேரா வரேன். எங்கயும் நிக்க முடியல. டீ இல்ல. பேச ஆள் இல்ல. பஸ்ஸுல ஜனங்க தூங்குது."

அவர்தான் யோசனையும் சொன்னார். ஆட்சேபணை மனு. முதல் கையெழுத்து டெய்லரம்மா போட்டாள். பிறகு நடந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. நெரிசலில் பேப்பர் விற்றுக்கொண்டிருந்த கப்பல்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். நெரிசலில் நிற்கும்போதெல்லாம் செல்போன் கடை போர்டைப் படித்துப் படித்தே ஜனங்கள் உள்ளே வந்தார்கள் என்று மரக்கடைக்காரர்கள் மொத்தமாக வந்து போட்டார்கள். மலைக்காரர்கள் டிரைவருக்காகப் போட்டார்கள். நாலு ரப்பர் ஸ்டாம்பும் ஒரே காகிதத்தில் விழுந்தது, அந்த வட்டாரம் உண்டானதிலிருந்து முதல் தடவை. கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்து டெய்லரம்மாவே பேசுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. மேடையில் உட்கார்ந்து கருத்துகளைக் குறித்துக்கொள்ளப்போவது அவள் மகள் என்பதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் எடுத்துக்கொண்டாள். மகளுக்கு எதிராக நாலு பேர் நடுவில் எழுந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இந்த ஜன்னலை மூட வேண்டும். இதைத் தவிர அவளுக்கு ஒரு வேலையும் தெரியாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

வெள்ளோட்டத்தின் கடைசி நாள், விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் வீட்டுக்கு வந்தாள். வாரம் முழுக்க வெயிலில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்ட களைப்பு. வாங்க ஆள் வராமல் கிடந்த துணிக்கட்டின்மேல் பையோடு சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். டெய்லரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுநாள் பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்று தொடங்க வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். தெருவில் வண்டி இல்லை. மிஷினில் வேலை இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

மெல்லிய விசில் மாதிரி. கொஞ்சம் விட்டு மறுபடி. மிஷினில் பெல்ட் உரசுகிறது என்று நினைத்துக் கையை வைத்துப் பார்த்தாள். மிஷின் ஓடவில்லை. காஜாவைப் பார்த்தாள். அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மகள் பக்கம் திரும்பினார்கள். அவள் மூச்சை இழுக்கும்போது கழுத்தடியில் குழி விழுந்தது. விடும்போது அந்த விசில் வந்தது.

டெய்லரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் பகலெல்லாம் ஹாரன், ராத்திரியெல்லாம் லாரி. இதில் ஒரு பெண் மூச்சு விடுவது எங்கே கேட்கும்? தட்டிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டியபோது, சரிந்திருந்த பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் உருண்டு வந்தது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து. அதை நாள் கணக்காகப் பிடித்துப் பிடித்து மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது.

மகள் கண்ணைத் திறந்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"ஸ்கூல் முடிக்கிறப்போ."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கடையை மூடிருப்பே."

டெய்லரம்மா மூடித்தான் இருப்பாள்.

"வண்டிப் புகையில இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடையை மூடும்மான்னு உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அதான், ரோட்டை மாத்திடலாம்னு படிச்சேன்."

"நீ தனியா வேற இடம் பாத்துட்டுப் போயிருக்கலாமே."

"நான் போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ளதானே உக்காந்திருப்பீங்க?"

அந்த விசில் மட்டும் இருந்தது.

"பஸ் நிக்கலேன்னா கடை ஓடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நடந்து வருவாங்கன்னு நெனச்சேன்மா. கணக்குப் போட்டுப் பாத்தேன். கணக்கு சரியாத்தான் வந்துச்சு."

"ஆளுங்கதான் வரல," என்றார் காஜா.

மகள் எழுந்து முகம் கழுவப் போனாள். போகிற வழியில், நாளைக்கு நீ பேசப்போறேன்னு எனக்குத் தெரியும், மறைக்காதே, பேசு, நான் ஒழுங்கா எழுதிப்பேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் டெய்லரம்மாவுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகிற சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடிய அளவுக்குத் தெரு அமைதியாக இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மாடியில். முன் வரிசையில் நாலு செயலாளர்கள், அவர்களுக்குப் பின்னால் அவரவர் ஆட்கள், நடுவில் யூனிபாரத்தில் டிரைவர். கூட்டம் முழுக்க கச்சிதமான சட்டைகள். மேடையில் தலைவர், ஆர்க்கிடெக்ட், ஓரத்தில் பேனாவோடு எஞ்சினியர். டெய்லரம்மாவைக் கூப்பிட்டபோது பின்னாலிருந்து கை தட்டினார்கள். டிரைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்பது மறந்துவிட்டது.

"ஆட்சேபணை மனுவில முதல் கையெழுத்து உங்களோடதுதானேம்மா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

"சொல்லுங்க."

"திட்டத்துக்கு நான் ஆதரவுங்க. பஸ்ஸு இனிமே அந்தப் பக்கம் வர வேண்டாம்."

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. டிரைவரின் கட்டைவிரல் அப்படியே நின்றது. கப்பல்காரர் செயலாளர் தான் சரியாகக் கேட்டோமா என்று மரக்கடைக்காரரிடம் விசாரித்தார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெரிசல் இல்லேன்னா பிழைப்பே இல்லேன்னு மனுவில எழுதியிருக்கே?"

"அது நிஜம்தாங்க. இந்த வாரம் ஒரு சட்டைகூட வரல. இனிமேலும் வராது."

"பின்னே? ஆதரவுன்னா காரணம் சொல்லணும்மா. காரணம் இல்லாம பதிவு பண்ண முடியாது."

டெய்லரம்மா மேடையைப் பார்த்தாள். எஞ்சினியர் தலையைக் குனிந்து, பேனாவைக் காகிதத்தில் வைத்துக் காத்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் தெரு அமைதியா இருந்துச்சுங்க," என்றாள் டெய்லரம்மா. "எம் பொண்ணு மூச்சு விடறது எனக்குக் கேட்டுச்சு. அது நல்லா இல்ல."

பேனா நகரவில்லை. தலைவர் ஓரமாகத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிக்கோம்மா," என்றாள் டெய்லரம்மா.

எஞ்சினியர் எழுதிக்கொண்டாள்.